பின்பெட்டி இல்லாத பஸ்

எங்கள் லாரி எடைமேடையில் மதிய ஷிப்ட் இரண்டு மணிக்குத் தொடங்கும்; காலை ஷிப்ட் பார்க்கும் என்னை துரைக்கண்ணு வந்துதான் விடுவிக்க வேண்டும். நாங்கள் ஒன்றாக வேலை பார்த்த இத்தனை வருடங்களில் அவர் இரண்டு மணியைத் தாண்டி வந்ததே கிடையாது. அதனால் போன மாதம் அந்த வியாழக்கிழமை இரண்டே கால் ஆகியும் அவரைக் காணவில்லை என்றபோது எனக்குக் கவலை வரவில்லை, கோபம்தான் வந்தது. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எனக்கோ பசி. இன்றைக்குப் பார்த்துத்தானா இந்த மனுஷன் தாமதம் செய்ய வேண்டும் என்று ஒரு டிரைவரிடம் புலம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. லாரி புக்கிங் ஆபீஸ் பாஸ்கர் பேசினான். "சபா அண்ணே, துரையண்ணன் செத்துட்டாருண்ணே. துன்னுகினு இருந்தவரு அப்டியே தட்டு மேல சாஞ்சிட்டாராம்." நான் போனை வைத்துவிட்டு அடுத்த லாரியை மேடைமேல் ஏற்றி எடை போட்டேன். சீட்டில் என்ன எழுதினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. அவர் சாகும் நேரத்தில் நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் மனதில் நிற்கிறது.

இதைப் படிக்கும் உங்களில் அவரோடு பழகிய பலருக்கு அவர் 'பல்லுக்கட்டை துரை'. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்றின்மேல் ஒன்றை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும் சின்னப் பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கின்றன அல்லவா, வெளிநாட்டுக் குழந்தைகள் வைத்து விளையாடுவது, அதை வைத்து அவர் பழைய வண்டிகளையும் ரோட்டோரக் கட்டடங்களையும் கட்டுவார். கட்டையின் தலையில் வரிசையாகப் பல் மாதிரி குமிழ் இருப்பதால் கொருக்குப்பேட்டையில் அதற்கு அப்படிப் பெயர். அங்கே ஒரு பிளாஸ்டிக் குடோன் இருந்தது. கப்பலில் வரும் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவைப் பெண்கள் உட்கார்ந்து நிறவாரியாகப் பிரிப்பார்கள். பிறகு அது அரவை இயந்திரத்துக்குப் போகும். கழிவில் இந்தக் கட்டை கிடைத்தால் அந்தப் பெண்களில் ஒருவரான கோட்டீஸ்வரி அக்கா அதைத் தனியாக ஒரு பெயின்ட் டப்பாவில் போட்டுவைப்பார். "தோ, உன் பல்லுங்க வந்துகீது, பொறுக்கிக்கோ" என்று அவர் டப்பாவைக் கவிழ்க்க, துரைக்கண்ணு தரையில் குந்தி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். பாதிக்குமேல் விரிசல் விட்டிருக்கும், இல்லையென்றால் வெளுத்திருக்கும். ஒரு டப்பாவில் முப்பது நல்ல கட்டை தேறினால் அன்று அவருக்குத் தீபாவளி.

அவர் கட்டியதில் முதன்முதலில் நான் பார்த்தது மூக்கு லாரி. முன்பக்கம் மூக்கு நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் காலத்து லாரி. எடைமேடைக்கு அப்படி ஒன்று எப்போதாவது வந்தால் துரைக்கண்ணு டேப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார். பானெட்டின் நீளம், மட்கார்டின் வளைவு, பின்கதவின் கொக்கி எல்லாவற்றையும் அளப்பார். ஒருமுறை ஒரு டிரைவர், "இன்னா சார், என் வண்டிக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டார். "உன் வண்டி அழகா கீது நைனா, அத்தான்" என்றார் இவர். டிரைவர் இறங்கி வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நான்கு மாதம் கழித்து அந்த லாரி ஒரு முழ நீளத்தில் எங்கள் மேசைமேல் வந்து நின்றது. பானெட்டைத் தூக்கினால் உள்ளே இஞ்சின். முன்னால் எலுமிச்சை, மிளகாய் உட்பட. அதைக் கொண்டுபோய் எடைமேடையின் நடுவே வைத்தார். முள் அசையவில்லை. ஆனாலும் 'காலி வண்டி' என்று சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு பானெட்டுக்குள் செருகினார்.

அந்த லாரியை அவர் பிரித்தபோதுதான் எனக்கும் அவருக்கும் முதல் சண்டை. அவரிடம் இருந்ததே கொஞ்சம் கட்டைகள். ஒன்றைப் பிரித்தால்தான் இன்னொன்றைக் கட்டலாம். ஒரு மாடல் இரண்டு மூன்று மாதம் அவர் வீட்டு டிவிமேல் நிற்கும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைக் கூப்பிட்டு, டீ கொடுத்து, கடைசியாக ஒருமுறை பார்க்கவைத்து, எல்லோர் முன்னாலும் கூரையிலிருந்து பிரிக்க ஆரம்பிப்பார். வந்தவர்களும் கை போட வேண்டும். பாஸ்கர் பாய்ந்து பாய்ந்து பிரிப்பான். நான் டீயைக் குடித்துவிட்டு ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்துவிடுவேன். நான் எதையும் பத்திரப்படுத்துகிற ஜாதி. ரேஷன் கார்டை லேமினேட் செய்து கடைக்காரரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவன். "இப்டி ஆசையா கட்டி இப்டி பிச்சிப் போடறியே, மனசு வருதா துரை?" என்று கேட்டேன். "நின்னுகினே கீற வண்டி துரு புடிச்சிடும் மாமு. கட்ட கைல இருந்தா நாளைக்கு இன்னா வேணா ஆவும்" என்றார். அது எனக்கு அப்போது விதண்டாவாதமாகத்தான் பட்டது.

அவருடைய பெரிய ஆசை ஒரு ட்ரெய்லர் பஸ். முன்னால் டிரைவர் உட்காரும் இஞ்சின் தலை மட்டும் தனியாக இருக்கும். அது பின்னால் கொக்கி மாட்டி ஒரு நீண்ட சிவப்புப் பெட்டியை இழுத்துப்போகும். ஜனங்களெல்லாம் அந்தப் பெட்டியில்தான். சென்னையில் அது ஓடிய காலத்தில் அவர் அப்பா அதில் கண்டக்டர். "எங்க நைனா பின்பொட்டிலதான் நிப்பாரு. டிரைவரு எங்கியோ முன்னால. கயித்த இஸ்துதான் மணி அடிக்கணும். அந்தக் கயிறுகூட வைக்கப்போறேன் பாரு" என்பார். அப்பாவின் படம் ஒன்றுகூட அவர் வீட்டில் கிடையாது. ஒரு மழையில் தண்ணீர் புகுந்து எல்லாம் போய்விட்டது. பின்பெட்டியின் படிக்கட்டில் காக்கிச் சட்டையோடு ஒரு ஆளை நிறுத்த வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. அதற்கு நல்ல சிவப்புக் கட்டைகள் நிறைய வேண்டும். குடோனில் வந்த சிவப்பையெல்லாம் வருடக்கணக்காகச் சேர்த்தார். இதை எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

சாலையை அகலப்படுத்த எங்களுக்கு எதிரே இருந்த காசிம் பாய் டீக்கடையை இடிக்கக் குறி போட்டார்கள். பஸ்ஸைத் தள்ளிவைத்துவிட்டு துரைக்கண்ணு அந்தக் கடையைக் கட்டினார். பாய்லர், பன் தொங்கும் கயிறு, தூண் சாய்ந்து நிற்கும் விதம், எல்லாம் அப்படியே. கடைக்குச் சிவப்புச் சீமை ஓடு வேய்ந்த கூரை. அதற்காக, பஸ்ஸுக்கென்று சேர்த்துவைத்த சிவப்பு முழுவதையும் இறக்கினார். "ரெண்டு மாசம் பாய் கடையா இருக்கட்டும், அப்பால பஸ்ஸு ஆயிடும்" என்றார். ஒரு மாதத்தில் கடையை இடித்தார்கள். காசிம் பாய் காலடிப்பேட்டையில் மகன் வீட்டோடு போய்விட்டார்.

பாய்க்குக் காட்டிவிட்டு வருகிறேன் என்று மாடலை வாங்கிக்கொண்டு போனேன். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார். "பாய்லர்ல தண்ணி கொதிக்குதான்னு பாருப்பா" என்று சிரித்தார். பிறகு, "இத்த இப்டியே வச்சிக்கினா நல்லா இருக்கும்" என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னதுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. நிஜக்கடை போய்விட்டது, இதையும் பிரித்துப்போட்டால் என்ன மிச்சம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தண்ணீர்க் குழாய் ஒட்டுகிற பசை ஒரு டப்பா வாங்கினேன். மூன்று நாள் லீவு போட்டு, வரிசை வரிசையாகக் கழற்றி, பிரஷ்ஷால் பசை தடவி மறுபடி பொருத்தினேன். கூரையைக் கழற்றியபோதுதான் உள்ளே பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஒருவர் ஒல்லி, ஒருவர் குண்டு. குண்டு நான். சொல்லவே இல்லையே என்று சந்தோஷமாக இருந்தது. எங்கள் இருவரையும் சேர்த்தே ஒட்டினேன்.

கடையைப் பிரிக்கக் குறித்த ஞாயிற்றுக்கிழமை துரைக்கண்ணு வீட்டில் பாஸ்கர், கோட்டீஸ்வரி அக்கா எல்லோரும் வந்திருந்தார்கள். அவர் கூரை ஓரத்தில் ஒரு ஓடைப் பிடித்து இழுத்தார். வரவில்லை.

"இன்னா மாமு, இவ்ளோ கெட்டியா கீது?"

"இனிமே அது பிரியவே பிரியாது துரை. ஒட்டிட்டேன்" என்றேன். பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

அவர் மாடலைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். "எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடல."

"ஓடுங்களையுமா?"

"ஓடுங்களுக்குத்தான் ரெண்டு கோட்டிங் குடுத்தேன்."

துரைக்கண்ணு மாடலை டிவிமேல் திரும்ப வைத்தார். "சரி வுடு. அமுதா, எல்லாருக்கும் டீ குடு" என்றார் மனைவியிடம். அமுதா என்னைப் பார்க்கவே இல்லை. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது பாஸ்கர் என் கையைப் பிடித்தான். "யோவ் அண்ணே, அந்தச் செவப்பு பஸ்ஸுக்குன்னு வச்சிருந்ததுய்யா" என்றான். குடோனில் மறுபடி கிடைக்காதா என்று நான் அவனிடம் எரிந்துவிழுந்தேன்.

மறுபடி கிடைக்கவில்லை. அந்த வருடமே வெளிநாட்டுக் கழிவு வருவது நின்று குடோனைப் பூட்டிவிட்டார்கள். நான் மாடலை வாங்கிவந்து கொதிநீரில் ஒரு மூலையை முக்கிப் பார்த்தேன், கத்தி வைத்து நெம்பிப் பார்த்தேன், தின்னர் தடவிப் பார்த்தேன். மூன்று ஓடு உடைந்தது, ஒன்று உருகியது. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கி அதே இடத்தில் வைத்துக்கொண்டார். வருகிறவர்களிடம் எல்லாம் "இத்த சபாதான் ஒட்டிக் குடுத்தான்" என்று சொல்வார். குத்திக்காட்டிச் சொன்னவர் இல்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒருநாள் ஷிப்ட் மாறும்போது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று, "துரை, அந்த ஓடு விஷயம்..." என்று ஆரம்பித்தேன். "வுடு மாமு. நீ இன்னா கெட்டது நெனச்சா செஞ்ச? தோ பாரு, லாரி வருது" என்றார். அவர் பெருந்தன்மையாகச் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவரே விட்டுவிட்டார், இனி நான் ஏன் கிளற வேண்டும் என்று ஐந்து வருடம் ஓட்டினேன். இதில் அவர் குணத்தைவிட என் சாமர்த்தியம்தான் அதிகம்.

மிச்சமிருந்த கட்டைகளில் அவர் பஸ்ஸின் தலையை மட்டும் கட்டினார். டிரைவர் சீட், ஸ்டியரிங், பக்கக் கண்ணாடி, பின்னால் கொக்கி. "இஞ்சின் ரெடி மாமு. பொட்டி வந்தா மாட்டிகினு கெளம்பிட வேண்டிதான்" என்பார். அவர் கட்டியவற்றிலேயே அவராகப் பிரிக்காமல் வைத்திருந்தது அது ஒன்றுதான். கண்டக்டர் நிற்க இடம் இல்லாமல் கொக்கி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். போன வருடம் ஊருக்குள் ஒரு பெரிய பொம்மைக்கடையில் இதே கட்டைகள் புதிதாகப் பெட்டி பெட்டியாக இருப்பதைப் பார்த்தேன். சிவப்பும் இருந்தது. விலையைப் பார்த்துவிட்டு, போனஸ் வரட்டும் என்று வந்துவிட்டேன். போனஸும் வந்தது. வீட்டுக்கு மிக்ஸி வாங்கினேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இதை விட்டுவிட்டு அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதுவது அதைவிடக் கூச்சம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பிட்ட பிறகு அமுதா எங்களை உட்காரச் சொன்னார். பஸ்ஸின் தலையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். "நான் செத்துப் பூட்டா வண்டிக்கு மாலை போட்டு வைக்காதீங்க, எல்லாரையும் கூப்ட்டு பிரிச்சிடுங்கன்னு சொல்லிகினே இருப்பாரு. பிரிச்சி கோட்டீஸ்வரி அக்கா பேரப்புள்ளைங்களுக்குக் குடுத்துடலாம்" என்றார். இந்த முறை நான் எழுந்து போகவில்லை. கொக்கியை நான் கழற்றினேன். கட்டைவிரலால் லேசாக நெம்பினால் போதும், வந்துவிடுகிறது. ஒட்டுவதற்காகக் கழற்றியபோதுகூட அது எவ்வளவு இலகுவாகப் பிரிகிறது என்று நான் கவனித்ததில்லை. கால் மணி நேரத்தில் தரையில் கட்டைகள் மட்டும் இருந்தன. கோட்டீஸ்வரி அக்கா முந்தானையில் அள்ளிக் கட்டிக்கொண்டார்.

நான் கிளம்பும்போது அமுதா டிவிமேல் இருந்த டீக்கடையை எடுத்து என்னிடம் நீட்டினார். "இத்த யாருக்கும் குடுக்க முடியாதுண்ணா, பிரிக்க வராது. நீங்களே எடுத்துகினு போங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை.

இப்போது அது என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. துரைக்கண்ணுவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். வருகிறவர்கள் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள், எப்படி இவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று கேட்கிறார்கள். ஐந்து வருடம் அவரிடம் சொல்லாததை அவர்களிடம் சொல்கிறேன். நான்தான் ஒட்டினேன், அவரைக் கேட்காமல் ஒட்டினேன், அவருடைய அப்பா நிற்கவேண்டிய பெட்டி இந்தக் கூரையில் இருக்கிறது.