உதறிவிட்ட விதை

கிருமாம்பாக்கம் தாண்டும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பஞ்சு முளைத்த விதை ஒன்று பறந்து வந்து என் மடியில் விழுந்தது. வெப்பாலை விதை. அதைப் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று.

பாகூர் பக்கம் எங்கள் ஊர் ஐயனார் காட்டில் அந்த மரம் நிறைய உண்டு. காட்டிலிருந்து ஒரு சுள்ளிகூட வெளியே வரக்கூடாது, எல்லாம் சாமி சொத்து. அதனால் கும்பிட்டுத் திரும்பும்போது எல்லைக்கல் அருகே நின்று துணியை உதறிவிட்டுத்தான் வருவோம்.

எழுபதுகளில் அந்தக் காட்டை அழித்து மனை போடுவதென்று முடிவாயிற்று. ஊரில் யார் போய்ச் சொல்லியும் அது நிற்கவில்லை. கடைசியாகப் பொங்கல் வைத்த அன்று என் பாவாடை முழுக்க வெப்பாலை விதை ஒட்டியிருந்தது.

"நாளைக்கு மெசின் வருதுன்றாங்க. இதையாச்சும் வூட்டுக்கு எடுத்துனு போயி நட்டு வெக்கலாமா?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாமி சொத்துல நாம எப்படிடி கை வெக்கறது? பொண்ணு பாவாடைய உதறிட்டு இட்டுனு வா."

ஊரே நின்று உதறியது. விதையெல்லாம் எங்கள் காலடியிலேயே விழுந்தது. மறுநாள் மெஷின் அதன்மேல்தான் ஏறியது.

மடியில் கிடந்த இந்த ஒன்றையாவது வீட்டுத் தொட்டியில் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். பாகூர் வந்ததும் எழுந்து, பழக்கதோஷத்தில் சேலையை உதறிவிட்டு இறங்கினேன். பஸ் கிளம்பிய பிறகுதான் விதை நினைவுக்கு வந்தது.