திருப்பி அனுப்பிய வாசல்

வார்டில் எல்லோருக்கும் அவள் கண்டக்டரம்மா. பஸ்ஸில் அவள் "உள்ளே போ, உள்ளே போ" என்று போட்ட சத்தத்துக்கு டிரைவரே எழுந்து உள்ளே போயிருப்பார். அப்பேர்ப்பட்டவளின் நுரையீரல் இரண்டும் காய்ந்து சுருங்கிக் கையை விரித்துவிட்டன.

இப்போது அவளுக்காக மூச்சுவிடுவது கட்டிலருகே நிற்கும் ஒரு மெஷின். கழுத்தில் செருகிய குழாய் வழியே கறுத்த ரத்தம் அதற்குள் போகும். ஆக்ஸிஜன் ஏறிச் சிவந்து திரும்பும். மாற்று நுரையீரல் கிடைக்கும்வரை இதுதான் கதி. ஆனால் படுத்தே கிடந்தால் கை கால் சூம்பிவிடும். ஆபரேஷனைத் தாங்காத உடம்பென்று காத்திருப்போர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதனால் தினமும் நடக்க வேண்டும். அவள் முன்னால், குழாயைப் பிடித்தபடி நர்ஸ் பக்கத்தில், மெஷினைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் பின்னால். மந்திரி வருகையே தோற்றுப்போகும்.

அவள் புருஷனுக்குத்தான் பார்க்க மனசு வரவில்லை. தையற்கடைக்காரர், சாது. இரண்டடிக்கு ஒருமுறை அவள் முகம் வெளுத்து நிற்பதைப் பொறுக்காமல் டாக்டரம்மாவிடம் போய் நின்றார்.

"மருந்து குடுத்துத் தூங்க வெச்சிடுங்கம்மா. நுரையீரல் கிடைச்சதும் எழுப்பிக்கலாம்."

"தூங்க வெச்சா உடம்புல தெம்பு போயிடுங்க. அப்புறம் கிடைச்சாலும் வைக்க முடியாது."

கட்டிலிலிருந்து மூச்சு வாங்க வாங்கக் குரல் வந்தது. "என்னைக் கேக்காம என் டிக்கெட்டைக் கிழிக்காதீங்க."

புருஷன் அவள் நடப்பதற்குச் செருப்பை எடுத்து வைத்தார்.

ஒருநாள் மதியம் அழைப்பு வந்தது. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் நுரையீரல், பொருந்தும்போல் இருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே டாக்டரம்மா வந்து அவள் கையைப் பிடித்தார். எடுத்துப் பார்த்ததில் அது பழுதாம்; வைப்பதற்கில்லை.

புருஷன் சுவரைப் பார்த்து நின்று அழுதார். அவளும் அழுதாள். யார் பெற்ற பிள்ளையோ, கொடுத்தும் வீணாய்ப் போனதே என்று அதற்கும் சேர்த்து அழுதாள்.

மறுநாள் காலை, நடக்க வைக்கும் பிசியோதெரபிப் பெண் தயங்கித் தயங்கி வந்தாள்.

"இன்னிக்கு வேணாம்க்கா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

கண்டக்டரம்மா போர்வையை உதறிக் காலைத் தொங்கப்போட்டாள்.

"நேத்து வராதது நாளைக்கு வரலாம்ல? அப்ப நான் தெம்பா இருக்க வேண்டாமா?" என்றவள் புருஷனைப் பார்த்தாள். "பிடிங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தோளைக் கொடுத்தார். வார்டு வாசலுக்கு வந்ததும் அந்தப் பெண் கேட்டாள்: "எந்தப் பக்கம்க்கா போலாம்?"

நேற்று தன்னைத் திருப்பி அனுப்பிய தியேட்டர் இருந்த பக்கமாகவே அவள் காலை எடுத்து வைத்தாள்.