சுவர் குடித்த தண்ணீர்

ராயபுரத்தில் ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் சாரத்தில் நின்று இடுக்குச் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கீழிருந்து டீக்கடைக்காரர் கூப்பிட்டார். "ஏகாம்பரம், கீழ எறங்கு. கன்னியப்ப மேஸ்திரி செத்துப் பூட்டாரு." கையிலிருந்த உளியை என்ன செய்தேன் என்று தெரியவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தபோது அது சாரப் பலகையிலேயே கிடந்தது.

அவரிடம் வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் ஒரு விஷயம் தெரியும். திருவொற்றியூர்க் குப்பத்துத் தெரு வழியாக அவர் நடக்கவே மாட்டார். அந்தப் பக்கம் வேலை இருந்தால் ரயிலை விட்டிறங்கி, தண்டவாள ஓரமாக வெயிலில் சுற்றிக்கொண்டு போவார். மீன்கூடையோடு அந்தக் குப்பத்துப் பெண்பிள்ளை யாராவது வேலையிடத்தைக் கடந்தால், அத்தனை பெரிய மீசைக்காரர், மணல் குவியலுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொள்வார். அங்கே கடன்பட்டிருக்கிறார் என்று சிலர் சொன்னீர்கள். வேறு மாதிரியும் சொல்லிச் சிரித்தீர்கள். காரணம் எனக்குத் தெரியும். சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொண்டதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி எதற்கு மூட வேண்டும்?

உலகச் சண்டை முடிந்த பிறகு, குப்பத்தை ஒட்டிய பழைய உப்புக் கிடங்கைப் பழுது பார்க்கும் வேலை எங்களுக்கு வந்தது. கும்பினி காலத்துக் கட்டடம். முழுக்கையை நீட்டினாலும் மறுபக்கம் எட்டாத தடிமனான சுவர். தலைமுறை தலைமுறையாக உப்பைக் கொட்டி வைத்ததில் செங்கல் பொரிந்து, விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. செத்த கல்லைப் பெயர்த்து, இடித்த பழைய வீடுகளிலிருந்து அதே அளவுக் கல் தேடிக் கொண்டுவந்து செருக வேண்டும். பள்ளிக்கூடம் வரப்போகிறது என்று வேலையைக் கொடுத்த அதிகாரி சொன்னார். கன்னியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. "குப்பத்துப் புள்ளைங்க குந்திப் படிக்கப் போற எடம்டா, இடுக்கை ஒழுங்கா அடை" என்று எங்கள் உயிரை எடுத்தார்.

முதல் சுவரை முடித்தோம். பக்கத்திலேயே கிணறு இருந்ததால் அதில் இறைத்துக் கல்லை ஊறப்போட்டோம், சுண்ணாம்பும் அதில்தான் குழைத்தோம். கடலோரக் கிணறு, கரிக்கும். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் அந்த மாதிரித் தண்ணீரில்தான் குளிக்கிறோம், துவைக்கிறோம். அதில் உப்பு இருப்பது எங்களுக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. சுவர் காய்ந்தது. ஒரு காலையில் வந்து பார்த்தால் புதுக் கல்லின் மேலெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. உப்பு தின்ற சுவருக்கு நாங்களே மறுபடி உப்பு ஊட்டியிருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கன்னியப்பன் மட்டும் சொன்னார்: "உள்ள உப்பை வெச்சுட்டு மேல எத்தினி வாட்டி பூசினாலும் அது வெளிய வந்துதான் தீரும். பேத்துப் போடுங்க."

நல்ல தண்ணீர் வேண்டும். அந்த வட்டாரத்தில் அது இருந்தது குப்பத்துக்காரர்களின் மணல் கிணற்றில் மட்டும்தான். கோடையில் அதுவும் அடியில்தான் கசியும். பெண்கள் விடியும் முன்பே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, ஊற ஊறக் கொட்டாங்கச்சியால் மொண்டு நிரப்புவார்கள். அந்த வரிசையின் முன்னால் போய்க் கன்னியப்பன் கைகட்டி நின்றார். நானும் கூட நின்றேன்.

தேசம்மாள்தான் முதலில் பேசினாள். குப்பத்தில் அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. "செவுத்துக்கு இன்னாத்துக்கு மேஸ்திரி நல்ல தண்ணி? செவுரு இன்னா கஞ்சி காச்சப் போவுதா?"

பெண்கள் சிரித்தார்கள். கன்னியப்பன் சிரிக்கவில்லை. "அது உங்க புள்ளைங்க படிக்கப் போற செவுரும்மா. இஸ்கோலு வருது. நான் சொல்றேன்."

"நீ சொல்றியா?"

"நான்தான் சொல்றேன்."

அவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ வூட்டுக்கு ஒரு கொடம் ஊத்துங்கடி" என்றாள். அந்தக் கோடை முழுக்க ஊற்றினார்கள். அவர்கள் கரிப்புத் தண்ணீரில் சோறாக்கினார்கள். எங்கள் செங்கல் நல்ல தண்ணீரில் ஊறியது. பச்சைப்பிள்ளைக்காரி ஒருத்தி இடுப்பில் பிள்ளையும் தலையில் குடமுமாக வந்து தொட்டியில் ஊற்றிவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

வேலை முடிந்து, சாரம் பிரித்து, நாங்கள் வெளியே வந்த வாரமே லாரி வந்தது. பெட்டி பெட்டியாக இரும்புச் சாமான் இறக்கினார்கள். கதவுக்குப் பூட்டு போட்டு ஒரு காவல்காரனையும் உட்கார வைத்தார்கள். பள்ளிக்கூடம் என்ற பேச்சே இல்லை.

இருவரும் அதிகாரியிடம் போனோம். "பள்ளிக்கூடம் என்று யாருக்காவது எழுதிக் கொடுத்தோமா?" என்று அவர் கேட்டார்.

"எழுதித் தரல சார். நான் வாயால சொன்னேன். சொல்லித் தண்ணி வாங்கினேன்."

"தண்ணீர்தானே, மேஸ்திரி" என்று அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கன்னியப்பனுக்குக் கோபம் வரவில்லை. வெளியே வந்து வேலியோரம் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "ஆபீஸ்காரன் சொன்னான்னு நான் சொல்லலையேடா. நான் சொல்றேன்னுதானே சொன்னேன்" என்றார். பொய் சொன்னவன் காரில் போனான். அதை நம்பிச் சொன்னவர் அன்றுமுதல் தண்டவாள ஓரமாக நடந்தார். தேசம்மாளிடம் நேரில் போய் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை இழுத்துப் பார்த்தேன். "இன்னா மூஞ்சிய வெச்சிகினு போறது?" என்பார்.

அன்று சேதி கேட்டு நான் ஓடியபோது, வண்ணாரப்பேட்டைச் சந்தில், அவர் வீட்டு வாசலில் பெஞ்சியில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டத் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். அப்போது சந்து முனையில் தேசம்மாள் வந்தாள். பின்னால் இன்னும் சில பெண்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் வாயில் துணி கட்டிய குடம். மீன் விற்க வந்த இடத்தில் காலையிலேயே சேதி கேட்டு, திரும்பிப் போய் மொண்டுகொண்டு ரயிலேறி வந்திருக்கிறார்கள். அவரைப் போலவே எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன்.

"தண்ணிதான் இங்கியே கீதேம்மா" என்றார் உறவுக்காரர் ஒருவர்.

"இது எங்க கெணத்துத் தண்ணி. இதுல குளிப்பாட்டு" என்றாள் தேசம்மாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "பூட்டு போட்டவன் எவன்னு எங்களுக்குத் தெரியாதா நைனா? இந்த மன்சன் ஒரு தபா வந்து எங்க வாசல்ல குந்தியிருந்தா இன்னா? வருவாரு வருவாருன்னுதான் பாத்துகினு இருந்தோம்."

இறுக்கக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, அவர்களே அவர் தலையில் ஊற்றினார்கள்.

எல்லாம் முடிந்தபின் தேசம்மாளின் வெறுங்குடத்தை நான் வாங்கிக்கொண்டு அவர்களோடு ரயிலேறினேன். திருவொற்றியூரில் இறங்கித் தண்டவாளப் பக்கம் திரும்பாமல் குப்பத்துத் தெரு வழியாக நடந்தேன். தலை நிமிரவில்லை. கிடங்கருகே மட்டும் நின்று சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். எத்தனையோ மழைக்குப் பிறகும் ஒரு பொட்டு உப்பு பூக்கவில்லை. கதவில் பூட்டு தொங்கியது.

அவருடைய கொத்துக் கரண்டியும் மட்டம் பார்க்கும் ரசமட்டமும் மகனிடம் இருக்கின்றன. அவை அவனுக்கு உரியவை. அவரது வெட்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒளிய மாட்டேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது இப்போதெல்லாம் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறேன். தேசம்மாள் வாசலில் இருந்தால் உட்காரச் சொல்கிறாள். ஒரு சொம்பு தண்ணீர் தருகிறாள். அந்த வாசலிலேயே உட்கார்ந்து குடிக்கிறேன்.