மாமா மடித்த பூ

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். அம்மனையே ஏமாற்றிய குடும்பம் என்று ஊர் பேசுமே என்ற பயம். இப்போது அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சம்பா நடவின்போது அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வயலிலேயே சுருண்டு விழுந்தாள். வயிற்றில் கட்டி, உடனே தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அப்பாவின் தங்கை ஆபரேஷன் மேஜையிலேயே போனவள். அதனால் அப்பா, "மாரியம்மன் உத்தரவு இல்லாம கத்தி வைக்க விடமாட்டேன்" என்று நின்றுவிட்டார்.

எங்கள் பக்கத்தில் அதற்குப் பூப் போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை இன்னோர் இலையிலும் மடித்து அம்மன் காலடியில் வைத்து, சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் அம்மா வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, சாமியே இல்லை என்று சொல்லித் திரிகிறவர். கோயில் வாசலில் நின்று கத்தினார். "அத்தான், எங்க அக்கா உயிரு பூவுலயா இருக்கு?"

பூசாரி சிரித்தார். "இப்படிப் பேசுறவரே வந்து மடிச்சு வைக்கட்டுங்க. பின்னால என்மேல பழி வராது பாருங்க."

மாமா சட்டென்று செருப்பைக் கழற்றினார். அவர் கோயிலுக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பூத்தட்டிலிருந்து எடுத்துப் பூவரச இலையில் மடித்தார். நான் கண்ணை மூடி, 'தாயே, வெள்ளை' என்று ஒன்றை எடுத்தேன். வெள்ளை நந்தியாவட்டை! அப்பா அழுதுகொண்டே கார் கூப்பிட ஓடினார். பின்னாலேயே எல்லோரும் ஓடினார்கள்.

தனியே நின்ற நான் மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் வெள்ளை. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எனக்காக அம்மன் சிவப்பை வெள்ளையாக்கிவிட்டாள்!

உள்ளே ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமாவிடம் அந்த இரண்டாவது பொட்டலத்தைக் காட்டினேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கசங்கிய செவ்வரளியை எடுத்தார்.

"அப்பாகிட்ட சொல்லித் தொலைக்காதடி."

"சாமி கோச்சுக்காதா மாமா?"

"இருந்தாத்தானே கோச்சுக்கும்."

"ஒருவேளை அம்மா செத்துப் போயிட்டா?"

அவர் பூவைப் பைக்குள் திணித்துவிட்டு ஆபரேஷன் அறைக் கதவைப் பார்த்து நின்றார். கதவு திறக்கும்வரை அவர் உட்காரவே இல்லை.

அம்மா பிழைத்தாள். அப்பா சாகும்வரை ஆடி வெள்ளிதோறும் அம்மனுக்கு வெள்ளைப் பூ சாத்தினார். மாமா ஒன்றும் சொல்லமாட்டார்.

சாமி இல்லை என்கிறவருக்குப் பயமும் இல்லை என்றுதான் அன்று நினைத்தேன். அம்மா போயிருந்தால் அப்பா அம்மன் சித்தம் என்று அழுது தேறியிருப்பார். நானும் அப்படித்தான். மாமாவுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள யாருமில்லை. தன் கையால் மடித்ததைத் தானே சுமந்திருப்பார். அது தெரிந்தேதான் மடித்திருக்கிறார். அந்தக் கையில் இருந்தது அம்மன்தான் என்று இன்றைக்கும் நான் கும்பிடுகிறேன். அவர் இருந்தால் சிரிப்பார்.

இதை யாரிடமாவது சொன்னால் இருக்கிறபடியே சொல்லுங்கள். அம்மன் பூவை மாற்றினாள் என்று ஆக்கிவிடாதீர்கள். மாமா கடைசியில் கும்பிட்டார் என்றும் சேர்த்துவிடாதீர்கள். அவர் கும்பிடவில்லை. செருப்பை மட்டும் கழற்றினார்.