எரிமலை விளிம்பில் ஒரு பிடி சாம்பல்

இந்தோனேசியாவில் வேலை பார்க்கும் மகன் என்னையும் என் மனைவியையும் புரோமோ எரிமலைக்குக் கூட்டிப் போனான். அங்குள்ளவர்கள் விளைச்சலில் ஒரு பங்கை எரிமலைக்குள் எறிந்து வேண்டிக்கொள்வார்கள். உச்சியில், தடுப்பு முடிந்த இடத்தில் நின்றோம். உள்ளே குமுறல் கேட்டது. எத்தனை பேர் படிக்கட்டில் பத்திரமாகக் கீழே இறங்குகிறார்கள் என்று பதற்றத்தோடு எண்ணிக்கொண்டிருந்தேன்.

சங்கரன்கோவிலில் புற்றுமண்ணை நெற்றியில் பூசி வளர்ந்தவன் நான். சாமி இடத்து மண்ணைக் கண்டால் கை சும்மா இருக்காது. குனிந்து ஒரு பிடி சாம்பல் அள்ளினேன்.

"ஏங்க, ஓரத்துக்குப் போவாதிய! நம்ம ஊரு புத்துமண்ணா இது?" என்று மனைவி கத்தினாள்.

அதற்குள் காலடி சரிந்தது. எரிமலை வாய்க்குள் இடுப்பு வரை இறங்கிவிட்டேன். அருகில் நின்ற உள்ளூர்க்காரர் தன் கூடையைப் போட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பற்றி இழுத்தார். அவருடைய உருளைக்கிழங்குகள் வெளிச்சரிவில் சிதறின. நோயில் கிடக்கும் மகளுக்காகக் கொண்டுவந்த காணிக்கை என்று மகன் விசாரித்துச் சொன்னான்.

"கையத் தொறங்க. இன்னும் சாம்பல விடலியே நீங்க!" என்றாள் மனைவி.

விட்டேன். நால்வருமாகக் கிழங்குகளைப் பொறுக்கினோம். அவர் ஒன்றை என்னிடம் தந்து எறியச் சொன்னார். மகளின் பெயரைக் கேட்டுக்கொண்டு எறிந்தேன்.

இப்போதும் கோவிலில் புற்றுமண் எடுக்கிறேன். முதலில் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்கிறேன். பிறகுதான் எனக்கு வேண்டியதைக் கேட்கிறேன்.