ஓரத்தில் வெட்டிய துண்டு

இருட்டறைக் கதவைத் தள்ளிக்கொண்டு, ஈரம் சொட்டும் எக்ஸ்ரே ஃபிலிமைத் தலைக்குமேல் பிடித்தபடி என் ஆராய்ச்சி மாணவி ஓடிவந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அடையாறில் எங்கள் ஆய்வுக்கூடம். பாக்டீரியாவின் சில மரபணுக்களை வேலைசெய்ய விடாமல் அடக்கும் ஒரு புரதத்தை நான் கண்டறிந்திருந்தேன். ‘வாட்ச்மேன்’ என்றுதான் அதை எல்லோரும் அழைப்போம். அந்தப் புரதத்தை நீக்கிவிட்டால் மரபணுக்கள் விழித்துக்கொள்ள வேண்டும். விழித்த மரபணு ஃபிலிமில் கறுப்புக் கோடாகத் தெரியும்; மூன்று விழித்திருந்தன. அதுவரை வேலைசெய்துகொண்டிருந்த, ஓரத்திலிருந்த நான்காவது மட்டும் அடங்கிப்போயிருந்தது. “சார், நம்ம வாட்ச்மேன் மூணு கேட்டை மூடிட்டு, நாலாவதைத் தொறந்து விடறாரு! டபுள் டியூட்டி சார்!” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடக்குவது ஒன்றே அதன் வேலை என்று மேடைக்கு மேடை சொல்லிவந்தவன் நான். “உன் கை சுத்தமில்லம்மா. ட்யூபை மாத்திப் போட்டிருப்ப” என்றேன், எல்லோர் எதிரிலும். திரும்பச் செய்தாள். அதே முடிவு. மறுபடியும் செய்தாள். அன்று என் அறைக்குள் உட்காரவும் முடியாமல் வெளியே போகவும் முடியாமல் உலாத்தினேன். அவள் செய்தது சரியென்று எனக்குத் தெரியும். கத்தரிக்கோலை எடுத்து ஓரத்துத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைக் கட்டுரையோடு ஆய்விதழுக்கு அனுப்பினேன். சில மாதங்களில் அவள் ஆராய்ச்சியை விட்டுப் போய்விட்டாள். ஒரே புரதம் ஒரு மரபணுவை அடக்கும், இன்னொன்றைத் தூண்டும் என்பது பிறகு பாடப்புத்தகங்களுக்கே வந்துவிட்டது. வகுப்பில் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவேன்.

போன வாரம் மயிலாப்பூரில், லஸ் முனைப் பேருந்து நிறுத்தத்தில், “சார், என்னைத் தெரியுதா?” என்று ஒரு குரல். அவளேதான். தலை நரைத்திருந்தது, சிரிப்பு மாறவில்லை. பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருக்கிறாளாம். நலம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. “அந்த ஃபிலிம்ல இருந்தது சரிம்மா. நான் தெரிஞ்சேதான் வெட்டினேன்” என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

“தெரிஞ்சேவா சார்?” என்றாள். அவளுடைய பேருந்து வந்து நின்று புறப்பட்டுப் போயிற்று. “இன்னிக்கும் ஸ்கூல் லேப்ல ஒரு சொட்டு ஊத்தணும்னாகூட பசங்களைத்தான் ஊத்தச் சொல்வேன். நான் தொடமாட்டேன். நம்ம கைதான் சுத்தமில்லையேன்னு.”

அவள் என்னை வெறுத்திருப்பாள் என்று எண்ணியே இத்தனை காலம் தூக்கம் கெட்டுக் கிடந்தேன். அவளோ என்னை நம்பியிருக்கிறாள்.