பின்பக்கம் எழுதியிருந்த பெயர்

கடைக்குள் வந்த காகிதம் எதையும் நான் வெளியே விட்டதில்லை. தருமபுரியில் ஒரு தகரக் கூரை, அதுதான் என் பைண்டிங் கடை, பின்னாலேயே வீடு. காசு கொடுத்து அட்டை வாங்குவது எனக்கு ஆகாது. பழைய நோட்டீஸ், பரீட்சைத்தாள், கிழித்த காலண்டர் எல்லாவற்றையும் மைதாப் பசையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மரப் பிரஸ்ஸில் இறுக்கி, நானே அட்டை செய்துகொள்வேன். கல்லு மாதிரி இருக்கும். புத்தக முதுகுக்கு என் மனைவியின் பழைய சேலைத் துண்டு. "கட்டியிருக்கற சேலையாச்சும் விட்டு வைங்க சாமி" என்று கும்பிடு போடுவாள்.

தலைப்பிரசவத்துக்குப் பொம்மிடிக்கு, தாய் வீட்டுக்குப் போனவள், அங்கிருந்து ஒரு இன்லாண்டு லெட்டர் போட்டாள். ஐந்தாவது வரை படித்தவள். நீல மையில் குண்டு குண்டான எழுத்து. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், எனக்கோ முழங்கை வரை பசை. இரண்டு விரலால் பிரித்து முன்பக்கத்தை மட்டும் படித்தேன்.

"புள்ளைக்குப் பேரு யோசிச்சு வெச்சிட்டனுங்க. ஆணானாலும் பொண்ணானாலும் பேரு ரெடி. பின்பக்கம் எழுதியிருக்கறேன். சிரிக்கக் கூடாது."

கையைக் கழுவிவிட்டு ஆற அமரப் படிக்கலாம் என்று வைத்தேன். வைத்த இடம் எது தெரியுமா? ஒட்டுவதற்குச் சேர்த்திருந்த காகிதக் குவியல். எருமை மாடுகூட அப்படிச் செய்யாது. நாலு நாள் கழித்துத் தேடினால் கடிதமும் இல்லை, குவியலும் இல்லை. அட்டையெல்லாம் காய்ந்து, புத்தகங்களோடு ஊர் பார்க்கப் போய்விட்டது. சரி, வந்ததும் அவளையே கேட்டு நாலு திட்டு வாங்கிக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன்.

அவள் வரவில்லை. தந்தி வந்தது. மகள் மட்டும் பிழைத்திருந்தாள்.

ஞானஸ்நானத்தன்று மாமியார் அழுதுகொண்டே கேட்டார். "பேரு என்னன்னு எங்ககிட்ட மூச்சு விடலீங்க மாப்ள. உங்களுக்கு எழுதிட்டேன்னு சொன்னா. நீங்களே சொல்லுங்க."

"சாமியாரையே கேட்டுக்கலாம்" என்றேன். கோயிலில் சாமியார் பார்த்து ஒரு பெயர் வைத்தார். நல்ல பெயர்தான். ஆனாலும் அதைச் சொல்லி மகளைக் கூப்பிடும்போதெல்லாம் என் மனைவி இன்னொரு பெயரால் அவளைக் கூப்பிடுகிற நினைப்பு வரும். அந்தப் பெயர்தான் எனக்குக் கேட்காது.

ஒன்பது வருஷம் கழித்து, கோயில் பாட்டுப் புத்தகம் மறுபடி கட்டுவதற்கு வந்தது. முதுகில் பச்சையில் மஞ்சள் புள்ளி. அவள் ஊருக்குப் போன பிறகு நான் வெட்டிய சேலை! பின்னட்டையின் மூலை நைந்து அடுக்குப் பிரிந்திருந்தது. நடுவில் நூலளவுக்கு இன்லாண்டு நீலம். எனக்கு வேறு யார் கடிதம் போட்டார்கள்?

அட்டையைப் பிரித்தெடுத்து, வெந்நீர் போட்டு வாளியில் ஊற்றினேன். ஊறினால்தான் அடுக்கு பிரியும். நனைக்கப் போகையில்தான் உறைத்தது: அவள் எழுதியது பேனா மை. தண்ணீரில் காகிதம் வரும், எழுத்து வராது.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப நனைக்காதீங்கப்பா" என்று அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் எழுதின பரீட்சை எல்லாவற்றுக்கும் தாளுக்கு அடியில் வைத்துக்கொண்டது அந்த அட்டையைத்தான். மழை பிடித்துக்கொண்டால், புத்தகப் பையைத் தலைக்குப் பிடிக்காமல் அட்டைக்குப் பிடித்துக்கொண்டு, தொப்பலாக நனைந்து வீடு வருவாள்.